கம்ப்யூட்டருக்குப் பேர் வச்ச கதை

உக்காருங்க தங்கச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. பையன் ஜாதகம் கொண்டாந்திருக்கீகளா? இருக்கட்டும், மடியிலயே வச்சிருங்க. கம்ப்யூட்டரை இப்பப் போட முடியாது. ரிப்பேரெல்லாம் இல்ல, கல்லு மாதிரி இருக்கு. இப்ப பக்கத்துக் கடை முறை. அவன் அணைச்சாத்தான் நான் போடணும். அணைச்சதும் இந்தப் பலகையில தட்டுவான்.

செல்லுல பாக்கக் கூடாதான்னு நினைக்கிறீக, அதான? எல்லாரும் அதத்தான் கேக்காக. செல்லுல பாத்துச் சேக்குற கல்யாணம் செல்லுலயே முடிஞ்சும் போகுது தங்கச்சி. எங்கப்பா இந்தக் கம்ப்யூட்டர்லதான் பொருத்தம் பாத்தாரு. அவர் பாத்த சம்பந்தம் ஒண்ணுகூட அத்துக்கிட்டுப் போனதில்ல. சரி, ஒண்ணு ரெண்டு போச்சு. அது அவுகவுக வீட்டுத் தப்பு.

வெளிய போர்டு பாத்திருப்பீகளே. சங்கரலிங்கம் திருமணத் தகவல் மையம், கீழ ஒரிஜினல்னு போட்டிருக்கும். அது நம்மது. பக்கத்துல அதே பேர்ல இன்னொண்ணு, கீழ ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ன்னு. அது என் கூடப்பிறந்த தம்பி, தவமணி. கிளை கிடையாதாம். நடுவுல ஒரு பிளைவுட் பலகைதான் தங்கச்சி, அவன் தும்முனா எனக்கு இந்தக் காலண்டர் ஆடுது, கிளை கிடையாதாம்!

எங்கப்பா இருக்கும்போது இது ஒரே கடை. அருப்புக்கோட்டையில எங்கப்பா கை படாத கல்யாணம் உண்டா? நானும் தம்பியும் கூடவே இருந்து வேலை பாத்தோம். ரெண்டு கம்ப்யூட்டர். ரெண்டும் அப்பவே பழசு. வாங்கும்போது வெள்ளை, இப்ப பாருங்க, மஞ்சப் பூசுன மாதிரி ஆகிப்போச்சு. அதுல எங்கப்பாவுக்கு ஒரு கண்டிப்பு. ரெண்டையும் ஒண்ணா போடக் கூடாது. நான் போட்டிருந்தா தம்பி சும்மா உக்காந்திருக்கணும். கொஞ்ச நேரம் ஆனதும் பேனாவால மேசையில டொக்கு டொக்குன்னு தட்டுவாரு. ‘ஜெயக்கொடி, எந்திரிம்மா, தம்பி போடட்டும்.’ கரண்டு பில்லுக்குப் பயந்துதான் அப்படிச் சொல்றாருன்னு நாங்க நினைச்சோம். கஞ்சன்னு மனசுக்குள்ள வஞ்சிருக்கோம்.

அவர் போய்ச் சேந்துட்டாரு. மகராசன், தூக்கத்துலயே போனாரு. அப்புறம் தம்பி சொன்னான், ‘அக்கா, வாரவுகளுக்கு ஒரு மறைவு வேணும், பலகை அடிச்சிருவோம், நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்’னு. சரிடான்னேன். சண்டையே கிடையாது அப்ப. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், நெட்டு மட்டும் அப்பா பேர்ல இருக்குற அதே கேபிள் லைன். ஆபீஸ்ல இருந்து ஒரு சின்னப் பெட்டியை மாட்டி லைனை ரெண்டாப் பிரிச்சு விட்டுட்டுப் போனாக.

அன்னையில இருந்து பிடிச்சது தங்கச்சி சனியன்.

நான் ஒரு பொண்ணு போட்டோவைத் திறக்குறேன். மாப்பிள்ளையோட அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா, எல்லாரும் இங்க உக்காந்திருக்காக. போட்டோ மேலருந்து கீழ வருது. பூ வந்துச்சு, வகிடு வந்துச்சு, நெத்தி வந்துச்சு, நின்னு போச்சு. அசையவே மாட்டேங்குது. இந்தப் பக்கம் நெத்தியில நிக்கிறப்போ அந்தப் பக்கம் தவமணி ‘வந்துருச்சு, வந்துருச்சு’ங்கிறான். நான் ஸ்விட்சைத் தட்டி மறுபடி போட்டேன்னா எனக்கு மூக்கு வருது, அவன் பக்கம் ‘போச்சு, போச்சு’ங்கிறான். அந்தச் சித்தப்பா மட்டும் நல்லவரு. நெத்தியே லட்சணமா இருக்கு, பேசி முடிச்சிருங்கன்னுட்டாரு.

ஒரு நாளா, ரெண்டு நாளா? தினம் இதே கூத்து. எனக்கு வந்தா அவனுக்குப் போகும், அவனுக்கு வந்தா எனக்குப் போகும். இத என்னன்னு நினைக்கச் சொல்றீக? நான் சந்தேகப்படுற ஆளே கிடையாது. வெள்ளை மனசு எனக்கு. ஆனா ஒருத்தருக்குப் போனா ஒருத்தருக்கு வருதுன்னா அது செய்வினைதான? பூசாரிகிட்டப் போனேன். தகடு ஒண்ணு எழுதிக் குடுத்து, கம்ப்யூட்டர் டப்பாவுக்குள்ள வச்சிருங்கன்னாரு. கேபிள் ஆபீஸ்ல சேவியர்னு ஒரு பய, அவன்தான் ‘யக்கா, கரண்டு ஓடுற இடத்துல தகட்டை வச்சீகன்னா கடையே எரிஞ்சிரும்’னு கையெடுத்துக் கும்பிட்டான். அதனால ஒரு எலுமிச்சம்பழத்தை மட்டும் மேல வச்சேன். அது சூட்டுல வெந்து ஒரே ஊறுகா வாசம்.

அவன் சும்மா இருந்தானா? அந்தப் பக்கம் மிளகாயைச் சுத்தி நெருப்புல போட்டான். புகை பலகைக்கு மேல வந்து என் தலையில இறங்குது. எனக்கு இருமல். மிளகாய்ப் புகைக்கு இருமாம பின்ன பாடவா செய்வாக? அவன் பொண்டாட்டி இந்திராணி இருக்காளே, அவ சொல்றா, ‘பாத்தீகளா, செஞ்சவுகளுக்குத்தான் இருமல் வரும்’னு. சொல்லி முடிக்கல, அவளுக்கும் இருமல். தம்பிக்கும் இருமல். ரோட்டுல பூ விக்கிறவளுக்கும் இருமல். அப்ப எல்லாருமா சேந்தா செஞ்சோம்?

இருமிக்கிட்டே அவன் ஒரு வார்த்தை சொன்னான் தங்கச்சி. ‘அக்கா, நீ இப்படிச் செய்வேன்னு நான் நினைக்கலக்கா’ன்னான். அம்புட்டுதான். அதுக்கப்புறம் அவன் என்னை அக்கான்னு கூப்பிடவே இல்ல. நானும் பேசல. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கல. எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, மிளகாய் நெடின்னு சொல்லிட்டேன். இடுப்புல தூக்கி வளத்த பய. என்னைப் பாத்துச் சொல்லிட்டான்.

இல்ல, அழல. கண்ணு இப்பல்லாம் அப்படித்தான் ஆகுது.

பையனுக்கு என்ன நட்சத்திரம்? சித்திரையா? பயப்படாதீக, அதெல்லாம் பாத்துக்கிடலாம். தண்ணி குடிங்க.

அப்புறம் ஒரு நாள் சேவியர் வந்தான். ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போய் எதையோ பாத்தான். பாத்துட்டு இந்த வாசல்ல நின்னு சிரிக்கிறான். என்னடான்னா, ‘யக்கா, ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்ரஸ்’ங்கிறான். ஒரே கட்டடம், ஒரே அட்ரஸ்தானடா இருக்கும்னேன். அது இல்லையாம். கம்ப்யூட்டருக்குள்ள நெட்வொர்க் கார்டுன்னு ஒரு அட்டை இருக்காம். அந்த அட்டைக்குன்னு ஒரு நம்பர் பிறக்கும்போதே எழுதி வர்றதாம், நம்ம ஜாதகம் மாதிரி. உலகத்துல ஒரு அட்டைக்கு இருக்குறது இன்னொண்ணுக்கு இருக்காதாம். அந்த நம்பரைப் பாத்துத்தான் கேபிள்காரன் உள்ள விடுவான். ஒரு லைனுக்கு ஒரு கம்ப்யூட்டர்தான்னு அப்ப கண்டிப்பு. எங்கப்பா ரெண்டாவது கம்ப்யூட்டர் வாங்குனப்போ இன்னொரு லைனுக்கு மனசு வராம, மெக்கானிக்கைக் கூட்டியாந்து, முதல் கம்ப்யூட்டரோட நம்பரையே அதுக்கும் போட வச்சிட்டாரு. கேபிள்காரன் ரெண்டையும் ஒரே ஆளுன்னு நம்பிட்டான். ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல நின்னா, வர்றத எதுகிட்டக் குடுக்குறதுன்னு பெட்டி முழிக்குமாம். பாதியை இங்க குடுத்துட்டு மீதியை அங்க குடுத்துருமாம். என் பொண்ணோட மூக்கு அவன் கடையில கிடந்திருக்கு!

அதான் எங்கப்பா முறை வச்சு ஓட்டியிருக்காரு. நாங்க கஞ்சன்னு வஞ்சோம்.

சரி, காரணம் தெரிஞ்சு போச்சுல்ல, செய்வினை இல்லன்னு ஆயிருச்சுல்ல, தம்பி வந்து, தப்பா பேசிட்டேன்க்கான்னு சொல்லணுமா வேண்டாமா? வரல. நான் போய்ச் சொல்லலாமேங்கிறீகளா? நான் எதுக்குச் சொல்லணும்? நான் என்ன மிளகாயா சுத்துனேன்? எலுமிச்சம்பழம் வச்சேன். அது சாந்தத்துக்கு வைக்கிறது.

சேவியர் சொன்னான், ‘ரெண்டுல ஒண்ணோட நம்பரை மாத்திட்டாப் போதும், மாத்துன நம்பரை ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க, அதையும் ஏத்தி விட்டுருவோம், சண்டை தீந்துரும். யாருது மாத்தட்டும்?’

யாருது மாத்த? நான் மூத்தவ. மூத்தவளோடதுதான் அப்பாவோட நம்பர். இளையவன் மாத்தட்டும்னேன். அவன் சேவியர்கிட்டச் சொல்லி அனுப்புறான், ‘நான் ஆம்பளப் பிள்ளை, அப்பாவுக்குக் கொள்ளி வச்சவன், நான் மாத்த மாட்டேன்’னு. ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவுல ஒரு பலகைதான் இருக்கு, சேவியர் இங்கயும் அங்கயும் நடந்து நடந்து சொல்றான். கடைசியில அவனுக்கே அலுத்துப் போச்சு. ‘எது அசல், எதுல ஒட்டுப் போட்டதுன்னு உள்ள பாத்தாத் தெரிஞ்சிரும், பாத்துச் சொல்லட்டுமா?’ன்னான்.

‘வேண்டாம்!’

நானும் கத்துனேன், அவனும் கத்துறான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. அதுல மட்டும் நல்ல ஒத்துமை.

இப்படி ஓடிக்கிட்டிருக்கும்போது என் மக சுபிதாவுக்கு வரன் அமைஞ்சது. அதுவும் ஒரு அதிசயம் தங்கச்சி. ஊருக்கே மாப்பிள்ளை பாக்குற எனக்கு என் பொண்ணுக்கு ஒண்ணும் அமையல. ஒரு நாள் காலையில கடையைத் திறக்கேன், பலகைக்கு அடியில ஒரு ஜாதகம் கிடக்கு. அவன் பக்கம் ஃபேன் வேகமாச் சுத்தும், காத்துல பறந்து வந்திருக்கு. எடுத்துப் பாத்தா என் மகளுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு. மதுரைப் பையன், மாத்திரைக் கம்பெனியில வேலை. முடிச்சிட்டேன். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு துண்டுத் தாள்கூட அப்படிப் பறந்து வரல. கடவுள் காத்தாவும் வருவாரு, இல்லையா?

முடிச்சாச்சு. இனி பத்திரிகை வைக்கணும். எங்க பக்கத்துல முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. வெத்தலை, பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டுல வச்சுக் கொண்டுபோய்க் குடுக்கணும். தாய்மாமன்தான் பொண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். ஒரே மாமன். அவன் வரலன்னா யாரைக் கூப்பிட? சேவியரையா? நான் மனசுக்குள்ளயே போட்டுக் குமைஞ்சேன். அவன் என்னைச் செய்வினைக்காரின்னு சொன்னவன். அவன் வாசப்படி நான் ஏற மாட்டேன். ஆனா அவன் இல்லாம என் பிள்ளைக்கு மாலை ஏறக் கூடாது. ரெண்டும் நான்தான் நினைக்கிறேன், என்ன செய்ய?

சுபிதா நேராவே சொல்லிட்டா. ‘அம்மா, தவமணி மாமா மாலை எடுத்துக் குடுத்தாத்தான் நான் மணவறைக்கு வருவேன். இல்லன்னா மாப்பிள்ளை மட்டும் உக்காந்துட்டுப் போகட்டும்.’ எம்புட்டுத் திமிர் பாருங்க. யாரு மாதிரின்னு தெரியல. எங்க வீட்டுக்காரர் ஆளுக சாடை.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனேன். நானே மாத்திருவோம். அவனுக்குச் சொல்லக் கூடாது, யாருக்கும் சொல்லக் கூடாது. அவனுக்கு நெட்டு அது பாட்டுக்கு ஒழுங்கா வரும், வந்தா மனசு இளகும், இளகுனா அவனே வருவான். நான் இறங்குன மாதிரியும் இருக்காது. எப்படி என் யோசனை?

சேவியருக்குப் போன் போட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு, எப்படி மாத்துறதுன்னு கேட்டேன். சொன்னான். இந்த நெட்வொர்க் படத்து மேல வலது பக்கம் அமுக்கணும், ப்ராப்பர்ட்டீஸ்னு வரும். சொத்துப் பேச்சை எடுக்காதடா சேவியர்னேன். அது வேறயாம். அப்புறம் அட்வான்ஸ்டு, அதுக்குள்ள நெட்வொர்க் அட்ரஸ்னு ஒரு வரி, பக்கத்துல ஒரு வெறும் கட்டம். அதுல பன்னெண்டு எழுத்து. நடுவுல இடம் விடக் கூடாது, கோடு போடக் கூடாது.

சரி, என் பேரையே போட்டிருவோம்னேன். போட முடியாதாம். நம்பர் போடலாம், இங்கிலீசுல ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் போடலாம், அதோட முடிஞ்சதாம். ஜே கிடையாது, ஒய் கிடையாது. எஃப்போட இங்கிலீசை நிப்பாட்டுன புண்ணியவான் எவன்னு கேட்டேன். பேசாம நம்பராப் போடுங்க, மறக்காத நம்பராப் போடுங்க, ரெண்டாவது நம்பர் மட்டும் ஒத்தைப்படையா இருக்கக் கூடாதுன்னான்.

பன்னெண்டு நம்பர். மறக்காத நம்பர். நம்ம எல்லாருக்கும் அது ஒண்ணுதான தங்கச்சி? ஆதார்! என்னோடத எடுத்தேன், ரெண்டாவது ஒத்தைப்படை. வீட்டுக்காரர் நம்பர் எனக்கு எப்பவும் வாயில நிக்காது. சுபிதாவுது வேண்டாம், இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு, அவ நம்பரை இங்க கட்டிப் போடக் கூடாது. அப்பத்தான் அது வாயில தானா வந்துச்சு. எங்கப்பா நம்பர். கேஸுக்கு, பேங்குக்கு, பென்சனுக்கு, கடைசியா ஆஸ்பத்திரிக்குன்னு நானும் தம்பியும் மாத்தி மாத்திச் சொல்லிச் சொல்லி வாய்ப்பாடு மாதிரி ஆன நம்பர். ரெண்டாவது நம்பர் ரெட்டைப்படை! உடம்பு சிலுத்துப் போச்சு. அவரே வர்றேங்கிறாருன்னு தோணுச்சு.

வெறுங்கையோட மாத்தக் கூடாதுல்ல. ஒரு பேர் போய் இன்னொரு பேர் வருது. ராகுகாலம் கழிச்சு, ஷட்டரைப் பாதி இறக்கி விட்டு, கம்ப்யூட்டருக்குத் திருநீறு பூசி, சங்குல சர்க்கரைத் தண்ணி கரைச்சு வச்சேன். சிரிக்காதீக. பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது நீங்க வைக்கலையா? ஸ்விட்சுக்கு மேல ஒரு சொட்டு தொட்டு வச்சேன், அம்புட்டுதான். உள்ள ஊத்த நான் என்ன விவரம் கெட்டவளா? மீதியை நான் குடிச்சிட்டேன். அப்புறம் காதுல பேரை மூணு தடவை சொல்லணும். வலது காதுல. கம்ப்யூட்டருக்கு வலது எது? அது நம்மளைப் பாத்து உக்காந்திருக்கு, அப்ப அதோட வலது நமக்கு இடது. அந்தப் பக்கம் ஓட்டை ஓட்டையா இருக்கு, காத்து வருதுல்ல, அதான். அதுல வாயை வச்சு, பலகைக்கு அந்தப் பக்கம் கேக்காம, எங்கப்பா நம்பரை மூணு தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல அது உள்ள இருந்து உஸ்ஸுன்னுச்சு.

டைப் அடிச்சு, சேவியர் சொன்ன மாதிரி அட்டையை அணைச்சுப் போட்டேன். உடனே கேபிள் ஆபீஸுக்குப் போன். அங்க ஒரு பொண்ணு எடுத்துச்சு. புது நம்பர், ஏத்திருங்கம்மான்னு சொன்னேன். நான் முழுசாச் சொல்லி வாயை மூடல, ‘இந்த நம்பர் ஏறியிருக்குங்களே’ங்குது. என்ன சுறுசுறுப்பு! அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலன்னாச் சொல்லுங்க, நல்ல இடமா நானே பாக்கேன்.

போட்டோவைத் திறந்தேன். பூ, வகிடு, நெத்தி, மூக்கு, வாய், கழுத்து, சேலை, கால் வரைக்கும் சர்ருன்னு இறங்குச்சு தங்கச்சி. கன்னத்துல போட்டுக்கிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நான் நினைச்சேன், அவனுக்கும் நல்லா வருது, அதான் அமைதியா இருக்கான்னு. அப்புறம்தான் தெரியுது, அவன் அப்ப டீக்கடைக்குப் போயிருக்கான்.

வந்தான். போட்டான். எனக்கு நெத்தியில நின்னுச்சு.

எனக்கு வந்துச்சே கோவம்! சேவியரை வரச் சொன்னேன். அந்தப் பக்கமும் அவன் சேவியருக்குத்தான் போன் போடுறான், எனக்குக் கேக்குது. சேவியர் வந்து இத நோண்டுனான், அந்தப் பக்கம் போய் அத நோண்டுனான். அப்புறம் வெளிய போய் ரெண்டு கடைக்கும் நடுவுல அந்தப் படியில பொத்துன்னு உக்காந்துட்டான். தலையில கை. நான் எட்டிப் பாக்கேன், அந்தப் பக்கம் இருந்து அவனும் எட்டிப் பாக்கான். ரெண்டு பேரும் டக்குன்னு உள்ள போயிட்டோம்.

சேவியர் படியில இருந்தே கேக்கான். ‘ரெண்டு பேரும் என்கிட்டத் தனித்தனியா சத்தியம் வாங்குனீகளே, ரெண்டு பேரும் மாத்தவும் மாத்திட்டீக, சரி. மாத்தி மறுபடியும் ஒரே நம்பரை வச்சிருக்கீகளே! யாரு நம்பரு இது?’

‘எங்கப்பா ஆதாரு’ன்னேன்.

‘எங்கப்பா ஆதாரு.’ இது அந்தப் பக்கம்.

பாத்தீகளா அநியாயத்தை? என்னைப் பாத்துக் காப்பியடிச்சிருக்கான்! நான் காதுல சொன்னத பலகை வழியா ஒட்டுக் கேட்டிருக்கான். சேவியர் சொல்றான், இல்ல யக்கா, அவரு முந்துன நாள் சாயங்காலமே மாத்திட்டாரு, ஆபீஸ்ல ஏத்துனதே நான்தான்னு. அப்படின்னா நான் என்ன நம்பர் போடுவேன்னு முன்கூட்டியே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். நான் எந்தத் தட்டுல சாப்பிட நினைக்கிறேனோ அந்தத் தட்டை முதல்ல எடுத்துருவான்.

மறுபடி அதே கேள்வி. யாருது மாத்தட்டும்? சேவியர் கும்பிட்டுக் கேட்டான். ஆனா இப்ப எப்படி மாத்த முடியும்? எங்கப்பா பேரை வச்சு, காதுல சொல்லி, சர்க்கரைத் தண்ணி தொட்டு வச்சாச்சு. நானே என் கையால அந்த நம்பரை அழிக்கவா? அவனும் முடியாதுன்னுட்டான். அழிக்கக் கை வரலன்னு சேவியர்கிட்டச் சொல்லி அழுதானாம். நடிப்பு. இருந்தாலும் அழுதானாம்.

சேவியர்தான் ஏற்பாடு பண்ணுனான். ‘சங்கரலிங்கம் அய்யா ஓட்டுன மாதிரியே முறை வச்சு ஓட்டுங்க. ஒருத்தர் அணைச்சதும் பலகையில தட்டுங்க, மத்தவர் போடுங்க. என்னை விட்டுருங்க, எனக்கு ஊருக்குள்ள வேற லைன் இருக்கு’ன்னுட்டுப் போயிட்டான். இப்ப அப்படித்தான் ஓடுது. காலையில அவன், அப்புறம் நான். பேச்சு இல்ல. தட்டுறதோட சரி.

தட்டுல என்னவா? எங்க பாக்கீக? ஓ, அந்தத் தட்டா. அது பத்திரிகைத் தட்டு. சுபிதா கல்யாணப் பத்திரிகை. தயாராத்தான் இருக்கு. இல்ல, வெத்தலை வாடாது, தினம் காலையில புதுசு வாங்கி மாத்துறேன். பூவும் மாத்துறேன். கொண்டு போகணும்னு இல்ல, சும்மா, தட்டு வெறும்னே இருக்கக் கூடாதுல்ல. அவன் வந்து கேட்டாக் குடுப்பேன். அவன் எங்க வரப் போறான்? நான் போகலாமேங்கிறீகளா? கடையில உக்காந்திருக்கும்போது சட்டை போட்டு அவனுக்குப் பழக்கமே கிடையாது. வெயில் காலத்துல வெறும் பனியன்தான். அப்பா இருக்கும்போதே அப்படித்தான், மாப்பிள்ளை வீட்டார் வந்தாக்கூட ஓடிப் போய்த் துண்டை எடுத்துப் போடுவான். நான் திடீர்னு தட்டோட போய் நின்னா பனியனோட வாங்குவானா என் மக பத்திரிகையை? மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா? அதனாலதான் நான் போகல. வேற ஒண்ணும் இல்ல.

இருங்க.

கேட்டுச்சா?

தட்டுறான். இன்னும் அவன் முறையே முடியல தங்கச்சி, பாதி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள தட்டிட்டான். நீங்க வந்து காத்திருக்குறது கேட்டிருக்கும், ஆள் வந்துட்டாகளேன்னு அணைச்சிருக்கான். பாருங்க திமிரை, எனக்குப் பிச்சை போடுறான்!

டொக்கு டொக்குன்னு. பேனாவால தட்டுறான். எங்கப்பா அப்படியேதான் தட்டுவாரு.

எந்திரிங்க தங்கச்சி. கம்ப்யூட்டரா? அது கிடக்கு, உங்க பையன் எங்க போயிறப் போறான். சித்திரைக்குப் பொண்ணு நான் பாத்துத் தாரேன். எந்திரிங்க. ஒத்தையில பத்திரிகை வைக்கப் போகக் கூடாது, ஒரு சுமங்கலி கூட வரணும். அந்தக் குங்குமச் சிமிழை நீங்க எடுத்துக்கோங்க. தட்டு நான் பிடிக்கேன். சமாதானத்துக்கெல்லாம் போகல, நினைச்சுக்காதீக. முறை முடியுறதுக்குள்ள ஏன்டா தட்டுனேன்னு அவனை ஒரு கேள்வி கேக்கணும், அதுக்குத்தான் போறேன். போற கையோட இதையும் குடுத்துட்டு வந்துருவோம். என் தலைமுடி சரியா இருக்கா?

இருங்க, முதல்ல சொல்லிட்டுப் போவோம். பொசுக்குன்னு போய் நிக்கக் கூடாது.

டேய் தவமணி! தட்டு எடுத்துட்டு வர்றேன்டா! சட்டையை எடுத்துப் போடு!

என்ன சொல்றான்? எனக்கு இந்தக் காது சரியாக் கேக்கல. உங்களுக்குக் கேட்டுச்சா?

போட்டுத்தான் இருக்கானா? இந்த வெக்கையிலயா? கல்யாணம் முடிவானதுல இருந்தே சட்டை போட்டுத்தான் கடையில உக்காந்திருக்கானாமா?

அது இருக்கட்டும் தங்கச்சி. கடைசியா ஒரு வார்த்தை சொன்னானே, அத மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்க. ‘போட்டுத்தான் இருக்கேன்’ன்னானா, ‘போட்டுத்தான் இருக்கேன்க்கா’ன்னானா?